எஞ்சினுக்கும் ஊர் உண்டு, கேட்டு வாங்குங்கள்

செக்ரோலில் பேர் வெட்டியதும் ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வருகிறது. ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50 வயதில். நம் சம்பளத்தில் 8 சதவீதமும் தோட்டத்தின் பங்கு 12 சதவீதமுமாகச் சேர்ந்த காசு. முப்பது, முப்பத்தைந்து வருடம் மலை ஏறி இறங்கியதற்கு மொத்தமாகக் கிடைக்கும் பெரிய தொகை அதுதான். அதை என்ன செய்வது என்று வீட்டில் பேசி முடிப்பதற்குள் லயத்து வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "அண்ணே, நல்ல பழைய லொறி ஒன்னு இருக்கு. பொடி கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கு, அதை விடுங்க. எஞ்சின் ரீகண்டிஷன், ஒரிஜினல். மரக்கறி ஏத்தினா ரெண்டு வருசத்துல போட்ட காசு திரும்பிரும்."

ரீகண்டிஷன், ஒரிஜினல் என்ற அந்த இரண்டு சொல்லையும் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பதே இம்மாதத் தலையங்கம். சம்பளம், வீடு, காணி என்று எழுத வேண்டிய இடத்தில் லொறி எஞ்சின் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய லொறிகளின் விலை ஏறியதை எல்லோரும் பார்த்தோம். 2025இல் தடை தளர்ந்த பிறகும் புதியது நம் கைக்கு எட்டும் விலையில் இல்லை. ஆகவே நம்மவர்கள் வாங்குவது நாற்பது, ஐம்பது வயது லொறி. தோட்டங்கள் சிலவற்றில் கொழுந்து ஏற்றுவதும், டிவிஷன் விட்டு டிவிஷனுக்கு ஆள் ஏற்றுவதும் அதே வயது லொறியில்தான். நம் காசும் நம் ஆட்களும் ஏறியிருக்கும் ஒன்றைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்பது தொழிற்சங்கம் சும்மா விடக்கூடிய விடயம் இல்லை.

முதலில் ரீகண்டிஷன். நம் நாட்டில் இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் ஓடுகிறது. லொறியில் இருந்த எஞ்சினையே கழற்றி, சிலிண்டரைத் துளைத்து, புது பிஸ்டன், புது ரிங், புது பெயாரிங் போட்டு மறுபடி பூட்டுவது ஒன்று. ஜப்பானில் எந்த லொறியிலோ ஓடிக் கழற்றப்பட்ட எஞ்சின் கப்பலில் வந்து, எண்ணெய் துடைத்து, வர்ணம் பூசி விற்கப்படுவது மற்றொன்று. இரண்டாவதில் யாரும் எதையும் புதுப்பிக்காமலே இருந்திருக்கலாம். விற்கிறவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்கிறார். வாங்குகிறவர் தனக்கு விருப்பமான அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறார். "ரீகண்டிஷன்" என்று யாராவது சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த எஞ்சினை யார் திறந்தது, எந்தக் கராஜில், பில் எங்கே?

நம் பக்கத்துப் பழைய லொறிகளில் கலப்பு எஞ்சின்கள் வந்த கதையையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது முழுவதும் ஏமாற்றுக் கதை அல்ல. மலைநாட்டில் ஒரு காலத்தில் லொறி என்றாலே பெட்போர்ட். இங்கிலாந்தில் வொக்ஸ்ஹோல் கம்பனி 1931இல் தொடங்கிய பெயர் அது. வொக்ஸ்ஹோலின் முதலாளி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ். மூக்கு நீண்ட பெட்போர்ட்டும், மூக்கில்லாத டீ.கே. மாதிரியும் 1950களின் கடைசியிலும் 1960களின் தொடக்கத்திலும் வந்தவை. டீ.கே.யில் எஞ்சின் சாரதியின் முதுகுப் பக்கம் இருக்கும். கதவுக்குப் பின்னாலுள்ள மூடியைத் தூக்கிப் பார்க்கலாம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காமல், கிடைத்ததைப் பூட்டி ஓட்டினார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது; ஜப்பானில் கழற்றிய எஞ்சின்கள் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் குவிந்தன. பெட்போர்ட்டுக்குள் இசுசு, மிட்சுபிஷி என்று போகத் தொடங்கியது அப்போதுதான். 1986இல் பெட்போர்ட் லொறிகளின் உற்பத்தியே முடிவுக்கு வந்தது.

இதற்கிடையில் தோட்டங்களே கை மாறின. 1975இல் ஸ்டேர்லிங் கம்பனிகளிடமிருந்து அரசாங்கத்துக்கு, பிறகு ஜனவசமவும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும், 1992இல் மறுபடி கம்பனிகள். காணியும் பெக்டரியும் நாமும் கை மாறியபோது லொறியும் கை மாறியது. ஒவ்வொரு முறையும் சில பைல்கள் காணாமல் போயின. ஒரு பெட்போர்ட்டுக்குள் இசுசு எஞ்சினைப் பொருந்த வைத்த நம் கராஜ் பாஸ்மாரின் கைவேலை லேசானது இல்லை, அதைக் குறை சொல்ல இந்தப் பத்திரிகைக்கு உரிமை இல்லை. மாற்றியதை எழுதி வைக்காமல் விட்டதும், தெரிந்தே "ஒரிஜினல்" என்று விற்பதும்தான் நம் பிரச்சினை.

என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று சம்பந்தி வீட்டார் சேர்ந்து சேமலாப நிதிக் காசையும் அடகு வைத்த நகையையும் போட்டு ஸ்ரீ இலக்கத் தகடு கொண்ட பெட்போர்ட் ஒன்றை வாங்கினார்கள். காசு கொடுத்து, சாவி வாங்கி, சாமி கும்பிட்டு ஓட்டி வந்த பிறகுதான் பதிவுச் சான்றிதழை மாற்றப் போனார்கள். சான்றிதழில் இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின். லொறிக்குள் இருந்தது நாலு சிலிண்டர். விற்றவர் கைவிரித்தார், அவருக்கு விற்றவர் உயிரோடு இல்லை. எஞ்சின் களவெடுத்ததா, இறக்குமதியானதா, வேறொரு லொறியிலிருந்து கழற்றியதா என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஏழு மாதம் லொறி லயத்துப் பக்கத்தில் நின்றது. நகைக்கு வட்டி ஓடியது. கடைசியில் எஞ்சினையே வாசித்து, அது எந்தக் கம்பனியின் எந்த மாதிரி என்று கண்டுபிடித்து, அந்த மாதிரியைப் பூட்டித் தரும் கராஜ்களில் விசாரித்து, ஒன்றில் பழைய பில் புத்தகத்தின் அடிக்கட்டையில் இலக்கம் கிடைத்தது. அதை வைத்துத்தான் பதிவு திருத்தப்பட்டது. கிடைத்திராவிட்டால் இரும்புக் கடைதான்.

ஏழு மாதம் எடுத்த அந்த வேலையின் பெரும்பகுதியை வாங்குவதற்கு முந்திய நாள் ஒரு மணித்தியாலத்தில் செய்திருக்கலாம். அதற்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை. ஒரு போத்தல் மண்ணெண்ணெய், கம்பித் தூரிகை, வெள்ளைத்தாள், பென்சில், கொஞ்சம் பொறுமை போதும்.

மூடியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை எண்ணுவது. டீசல் பம்பிலிருந்து எஞ்சின் தலைக்கு மெல்லிய இரும்புக் குழாய்கள் போகும். நாலு குழாய் என்றால் நாலு சிலிண்டர், ஆறு என்றால் ஆறு. பதிவுச் சான்றிதழில் சிலிண்டர் கொள்ளளவு எழுதியிருக்கும். பெட்போர்ட் தன் டீசல் எஞ்சின்களைக் கன அங்குலத்தில் பெயரிட்டது: 220 நாலு சிலிண்டர், 300உம் 330உம் ஆறு சிலிண்டர். ஒரு கன அங்குலம் சுமார் 16.4 கன சென்ரிமீற்றர். 330ஐ அதால் பெருக்கினால் ஏறக்குறைய 5,400, அதாவது 5.4 லீட்டர். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. சான்றிதழில் 5,400 சொச்சம் என்றிருக்க, நாலு குழாய் எஞ்சின் நின்றால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் நம்பிவிட வேண்டாம். இசுசுவின் 6பீபீ1 எஞ்சினும் ஆறு சிலிண்டர்தான், அதுவும் ஏறத்தாழ 5.4 லீட்டர்தான். தூரத்திலிருந்து பார்த்தால் சான்றிதழோடு ஒத்துப்போகும். இந்த இடத்தில் சாவிப் பெட்டி உதவும். பெட்போர்ட் எஞ்சினின் நட்டுகளுக்கு அங்குலச் சாவி, அரை அங்குலம், பதினாறில் ஒன்பது என்று, சரியாக உட்காரும். ஜப்பான் எஞ்சினுக்கு மில்லிமீற்றர்ச் சாவி. அதிலும் 12, 14 அதிகம். 13 நிறைய வந்தால் பெரும்பாலும் ஐரோப்பிய வழி எஞ்சின். பழைய டாட்டா அந்த வழிதான், 1954இல் ஜேர்மனியின் மெர்சிடிஸ் கம்பனியோடு கூட்டுச் சேர்ந்து லொறி செய்யத் தொடங்கியவர்கள் அவர்கள். ஒரு நட்டை மட்டும் பார்க்காதீர்கள், நட்டு மாறியிருக்கலாம். எஞ்சின் உடம்பில் நாலைந்து இடத்தில் சாவியை வைத்துப் பாருங்கள்.

அடுத்து எழுத்து. எஞ்சினின் பெரிய இரும்பு உடம்பை, கராஜில் புளொக் என்பார்கள், கவனமாகப் பார்த்தால் அதில் இரண்டு வித எழுத்து இருக்கும். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போதே உருவாகி, இரும்போடு இரும்பாகப் புடைத்து நிற்கும் எழுத்து ஒன்று. சமப்படுத்திய ஒரு பட்டையான இடத்தில், சுத்தியலும் எழுத்தாணியும் வைத்துக் குத்தியது போல் உள்ளே பதிந்திருப்பது மற்றொன்று. எஞ்சின் இலக்கம் என்று சான்றிதழில் இருப்பது இரண்டாவது வகை. குத்திய இலக்கத்தை அரைத்துவிட்டு வேறு குத்தலாம். புடைத்த வார்ப்பு எழுத்தை அப்படி மாற்ற முடியாது. சுரண்டினால் சுரண்டிய தழும்பு தெரியும். அதனால் சான்றிதழோடு ஒப்பிடக் குத்திய இலக்கம், பிறந்த ஊரை அறிய வார்ப்பு எழுத்து, இரண்டும் வேண்டும்.

மண்ணெண்ணெயால் கழுவித் தேய்த்த பின் தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். ஒரு ரூபாய்க் காசின் மேல் தாள் வைத்துப் பிள்ளைகள் தேய்ப்பார்களே, அதேதான். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடத் தாளில் எழும்பும். போனில் படமும் எடுங்கள். ஆனால் தாள் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கில் 3ஆ 8ஆ என்ற சண்டை வராது. இலக்கம் குத்திய இடத்தையும் கவனியுங்கள். பெக்டரியில் செதுக்கிய பட்டை சமமாக, மெல்லிய நேர்கோடுகளோடு இருக்கும். கையால் அரைத்திருந்தால் நடுவில் குழி விழுந்திருக்கும், எழுத்துகள் ஏறி இறங்கி நிற்கும். அப்படிக் கண்டதும் களவு என்று சத்தம் போடவும் வேண்டாம். கம்பனிகள் விற்கும் மாற்று புளொக் இலக்கமில்லாமல் வருவதுண்டு. பழைய இலக்கத்தையே கராஜில் குத்திக்கொள்வார்கள். அப்படியானால் அதற்கும் பில் இருக்க வேண்டும்.

ஜப்பான் எஞ்சின்களில் மாதிரிப் பெயர் இலக்கத்தின் முன்னாலேயே வரும். இசுசுவில் 4பீடி1 என்று தொடங்கினால் முதல் 4 சிலிண்டர் எண்ணிக்கை, 3.9 லீட்டர் டீசல். மிட்சுபிஷியில் 4டி31 என்றால் நாலு சிலிண்டர் டீசல், 3.3 லீட்டர். பெட்போர்ட்டும் இசுசுவும் ஜெனரல் மோட்டர்ஸ் வழியில் உறவுக்காரர்கள், 1971இல் ஜெனரல் மோட்டர்ஸ் இசுசுவில் பங்கு வாங்கியது. இதைச் சொல்லி, "கம்பனியே போட்ட எஞ்சின் தம்பி" என்று விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஸ்ரீ தகட்டுப் பழைய பெட்போர்ட்டுக்குள் இசுசு இருந்தால் அது உறவு முறையில் வரவில்லை, கராஜ் வழியாக வந்தது.

பேர்கின்ஸ் எஞ்சின் நம் தோட்டங்களுக்கு இன்னும் பழக்கம், மெசி பேர்குசன் டிரக்டர்களில் இருப்பதால். அதன் பெயரே கணக்குச் சொல்லும். 4.236 என்றால் நாலு சிலிண்டர், 236 கன அங்குலம். 6.354 என்றால் ஆறு சிலிண்டர், 354 கன அங்குலம். 135 டிரக்டரில் இருக்கும் 3.152 மூன்று சிலிண்டர். 1970களின் நடுப்பகுதி முதல் வந்த பேர்கின்ஸ் இலக்கங்களின் நடுவில் வரும் ஆங்கில எழுத்து நாட்டையும் கடைசி எழுத்து ஆண்டையும் குறிக்கும்; நடுவில் யூ என்றிருந்தால் இங்கிலாந்து. ஆனால் அதே பேர்கின்ஸ் எஞ்சின்களைச் சென்னையில் சிம்ப்சன் கம்பனியும் உரிமம் பெற்றுச் செய்தது. டாஃபே டிரக்டர்களில் இருப்பது சிம்ப்சன். பெயர் ஒன்று, ஊர் இரண்டு. உதிரிப்பாகக் கடையில் எந்த ஊர் என்று சொன்னால்தான் சரியான சாமான் கிடைக்கும். இல்லாவிட்டால் ஹட்டனுக்கும் கொழும்புக்கும் இரண்டு தரம் பஸ் காசு. பெட்போர்ட்டுக்கும் இப்படி ஒரு தம்பி உண்டு, இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் செய்தது.

டீசல் பம்பில் உள்ள தகடும் ஒரு சாட்சி. சீ.ஏ.வி., சிம்ஸ் என்றால் இங்கிலாந்துப் பக்கம். டீசல் கிகி, டென்சோ என்றால் ஜப்பான். மைக்கோ என்றால் பெங்களூர். ஆனால் பம்ப், டைனமோ, ஸ்டார்ட்டர் எல்லாம் கழற்றிப் பூட்டக்கூடியவை. எஞ்சின் தலைகூட மாறியிருக்கும். சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்பட்டால் புளொக் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். புளொக்கில் வார்த்த திகதி இருந்தால் இன்னும் நல்லது. சில எஞ்சின்களில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும். லொறி செய்த ஆண்டுக்குச் சில மாதம் முந்திய திகதி என்றால் அது கூடப் பிறந்த எஞ்சினாக இருக்கலாம். லொறிக்குப் பிந்திய திகதி என்றால், விற்கிறவர் எந்தக் கோயிலில் சத்தியம் செய்தாலும், அது பிறகு வந்தது.

பூர்வீகம் கேட்டு, காகிதம் கேட்டு 1948 முதல் நம் பாட்டன் பாட்டிமாரை அலைக்கழித்தார்கள். பிறந்த மண்ணில் நிற்பவரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. இரும்பிடம் தாராளமாகக் கேட்கலாம்.

உண்மையாகவே திறந்து புதுப்பித்த எஞ்சினா என்பதை வெளியிலிருந்து அறிவது கடினம். கராஜில் செய்யும்போதே நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் அதற்கு வழி உண்டு. தேய்ந்த கிராங்கைக் கடைந்தால் அதற்கேற்பத் தடித்த பெயாரிங் போட வேண்டும். அதன் முதுகில் அளவு இருக்கும். அங்குல எஞ்சினில் 010, 020, 030. மில்லிமீற்றர் எஞ்சினில் 0.25, 0.50, 0.75. எண் கூடக் கூட, முன்பு எத்தனை தரம் கடைந்திருக்கிறார்கள் என்று தெரியும். பிஸ்டன் தலையிலும் அப்படி ஓர் அளவு உண்டு. கழற்றிய பழைய பெயாரிங்கையும் ரிங்கையும் கேட்டு வாங்கிச் சாக்கில் போட்டு வையுங்கள். கொடுக்கத் தயங்கும் கராஜ், மாற்றாமலே பில் எழுதும் கராஜாக இருக்கலாம்.

இனி, காசைவிடப் பெரிய விடயம். எஞ்சினை மாற்றினால் பிரேக்கும் மாறும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

பழைய பெட்போர்ட்களிலும் சின்ன ஜப்பான் லொறிகளிலும் பலவற்றின் பிரேக்குக்கு, சாரதியின் காலுக்குத் துணையாகக் காற்று உறிஞ்சும் சக்தி ஒன்று வேலை செய்கிறது. பெற்றோல் எஞ்சின் தான் மூச்சு இழுக்கும்போதே அந்த உறிஞ்சலைக் கொடுக்கும். டீசல் எஞ்சின் அப்படிக் கொடுக்காது. அதற்கென்று தனிப் பம்ப் வேண்டும். ஜப்பான் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் அந்தப் பம்ப் ஒல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும். இப்போது யோசியுங்கள். பெற்றோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசலைப் பூட்டி, பம்பைப் பூட்டாமல் விட்டால்? அல்லது ஒல்டர்னேட்டர் எரிந்துபோய், பஞ்சிகாவத்தையிலிருந்து பம்ப் இல்லாத மலிவான காருடையதைப் பூட்டினால்? லொறி ஸ்டார்ட் ஆகும், லைட் எரியும், பெற்றரி சார்ஜ் ஆகும். சமதரையில் வெறும் லொறியாக ஓட்டிப் பார்த்தால் பிரேக்கும் பிடிப்பது போலத்தான் இருக்கும். ஐம்பது சாக்குக் கொழுந்தோ, முப்பது பேரோ ஏறி, வளைவில் இறங்கும்போது சாரதி இரண்டு காலாலும் மிதித்தாலும் போதாது.

மேலே சொன்ன சம்பந்திகளின் லொறியிலும் இதுதான் இருந்தது. எஞ்சினின் மாதிரியைக் கண்டுபிடித்த பிறகுதான், அந்த மாதிரிக்கு இருக்க வேண்டிய பம்ப் இந்த லொறியில் இல்லை என்பது தெரிந்தது. ஏழு மாதம் ஓடாமல் நின்றது ஒருவகையில் நல்லதாயிற்று என்று அந்த வீட்டு அக்கா சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கும்போது லொறியைப் பிடித்து நிறுத்துவது எஞ்சின்தான். ஆறு சிலிண்டர் 5.4 லீட்டர் எஞ்சின் பிடிக்கும் அளவுக்கு 3.3 லீட்டர் எஞ்சின் அதே கியரில் பிடிக்காது. பிடிக்காத பாரம் முழுவதும் பிரேக்கில் விழும், பிரேக் சுடும், சுட்டால் பிடிப்பு குறையும். அளவான எஞ்சின் டீசல் மிச்சம் என்று சொல்லி மாற்றியவர்கள் மலைப்பாதையை நினைத்து மாற்றவில்லை.

சோதிக்கும் முறை இது, ஒவ்வொரு சாரதியும் காலையில் செய்யலாம். எஞ்சினை நிறுத்தியபடி பிரேக்கை ஐந்தாறு தரம் மிதியுங்கள். பெடல் கல் மாதிரி இறுகும். மிதித்த காலை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணுங்கள். உறிஞ்சும் பம்ப் வேலை செய்தால் பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் தாழ்ந்து போகும். தாழாவிட்டால் அந்த லொறி ஆள் ஏற்றும் லொறி இல்லை. காற்றுப் பிரேக் உள்ள பெரிய லொறிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் காற்றுமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களிடம் நமது கோரிக்கை கடினமானதல்ல. ஆள் ஏற்றும் ஒவ்வொரு லொறிக்கும் டிரக்டருக்கும், பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் புளொக்கில் உள்ள இலக்கமும் ஒன்றா என்பதைத் தோட்டக் கமிட்டி முன்னிலையில் பார்த்து, பைலில் எழுதி, ஒரு பிரதியைக் கமிட்டித் தலைவருக்குத் தர வேண்டும். வேறுபட்டால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்தும் வரை அந்த வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. "இத்தனை வருசமா ஓடுதே, ஒன்னும் ஆகலையே" என்பது துரைமார் வழக்கமாகச் சொல்லும் பதில். விபத்து நடந்த பிறகு காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். அப்போது பதில் சொல்லச் சாரதியை முன்னால் தள்ளுவார்கள். சாரதிகளும் நம் அங்கத்தவர்கள் என்பதை நிர்வாகம் மறக்க வேண்டாம். எஞ்சின் பற்றியோ பிரேக் பற்றியோ சாரதி எழுதிக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி சங்கத்திலும் இருக்கட்டும்.

சொந்தக் காசில் வாங்குகிறவர்களுக்குச் சங்கம் ஒன்றைச் செய்து தரும். முற்பணம் கொடுப்பதற்கு முன் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். எஞ்சின் தெரிந்த நம் சாரதி ஒருவரும், தாள் பென்சிலோடு சாதாரண தரம் படித்த பிள்ளை ஒன்றும் கூட வருவார்கள். பிள்ளையை ஏன் அனுப்புகிறோம் என்றால், இருப்பதை இருக்கிறபடி எழுதப் பிள்ளைகளுக்குத்தான் கை வரும். அனுபவஸ்தர்கள் தெரிந்ததை எழுதிவிடுகிறார்கள். விற்கிறவர் "பார்க்க வேண்டாம், வேறு ஆள் காசோடு நிற்கிறார்" என்று அவசரப்படுத்தினால் அந்த வேறு ஆளே வாங்கட்டும். விற்பனைக் கடிதத்தில் லொறியின் இலக்கம், செசி இலக்கம் மட்டுமல்ல, எஞ்சினின் மாதிரியும் இலக்கமும், அது எங்கிருந்து வந்தது என்று விற்கிறவர் சொல்லும் வாக்கும் எழுதி அவர் கையொப்பம் வாங்குங்கள். பெண்களின் சேமலாப நிதிக் காசு இப்படியான லொறிகளில் போகும்போது, அந்தப் பெண்ணின் பெயரும் கடிதத்தில் இருக்க வேண்டும். மாதர் சங்கத் தலைவிகள் இதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வரும் மாதக் கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் கொழுந்து லொறியின், டிரக்டரின் பென்சில் தாளைக் கொண்டு வாருங்கள். தாளின் மேல் வண்டியின் இலக்கம், பார்த்த திகதி, எஞ்சினின் எந்தப் பக்கத்தில் இருந்தது, யார் யார் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கட்டும். எஞ்சினில் இலக்கம் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். சான்றிதழைப் பார்த்து நிரப்ப வேண்டாம்.